கூரைக்குக் கீழே தெளிந்த தண்ணீர்

மெக்சிக்கோவின் யுகட்டான் தீபகற்பத்தில், அதுவும் அதன் வடபாதியில், ஆறு என்று சொல்ல ஒன்றும் ஓடுவதில்லை. மழைக்குப் பஞ்சமில்லை. பெய்த தண்ணீர் நிலத்தில் தங்குவதில்லை, அவ்வளவுதான். தீபகற்பம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி இலேசான அமிலமாகி, வெடிப்புகளுக்குள் இறங்கி, கல்லைக் கரைத்துக் கரைத்து வழி பண்ணிக்கொண்டு நிலத்துக்கு அடியிலேயே கடலுக்குப் போய்ச் சேர்கிறது. எங்காவது அந்தச் சுரங்கத்தின் கூரை இடிந்து விழுந்தால் மேலே ஒரு குழி திறக்கும், அடியில் நீலத் தண்ணீர் நிற்கும். அதுதான் செனோட்டே.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்த கதை. எங்களுக்கும் வற்றாத ஆறில்லை, எங்கள் நிலமும் சுண்ணாம்புக்கல். இறங்கிய மழைநீர் கீழே நிற்கும் உவர்நீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடித்தோம். மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் அடியில் கிடக்கும் உப்பு மேலே ஏறிவிடும் என்பது எந்தத் தோட்டக்காரருக்கும் தெரியும். நிலாவரைக் கிணறும் கூரை இடிந்து உண்டான குழிதான். மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. இராமர் அம்பு விட்டு உண்டாக்கினார் என்று ஒரு கதை. அதற்குள் தேசிக்காய் போட்டால் கீரிமலையில் வந்து மிதக்கும் என்று இன்னொரு கதை. அந்தத் தேசிக்காய் போன பாதையைப் பற்றி யோசித்த அளவுக்கு நான் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்தைப் பற்றியும் யோசித்ததில்லை.

ஆகவே ரொறொன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், சித்தியின் மகன் போன் எடுத்து, "அண்ணை, கன்கூனுக்கு ரிக்கற் மலிவாக் கிடக்கு, வாறியளோ?" என்று கேட்டபோது அவன் மனதில் கடற்கரையும் வெயிலும், என் மனதில் யுகட்டானின் அந்தக் குழிகளும். இருவரிடமும் ஸ்கூபா சான்றிதழ் இருந்தது. பழகியதெல்லாம் ஒன்ராறியோவின் ரொபர்மொரியில், விரல் மரத்துப்போகும் குளிர் ஏரியில், மூழ்கிய பழைய மரக்கப்பல்களைச் சுற்றி. அதுவும் நன்னீர்தான், அதுவும் தெளிவுதான். ஆனால் அங்கே தலைக்கு மேலே வானம் இருக்கும். சித்தியிடம், கடலில் மீன் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினோம்.

மேலே இருப்பது வானமா கூரையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திறந்த தண்ணீரில் ஏதாவது பிழை வந்தால் மேலே போகலாம். மெதுவாக, மூச்சை விட்டுக்கொண்டு போக வேண்டும், ஆனால் போகலாம். முதல் வகுப்பிலிருந்து சொல்லித்தரப்படுவது எல்லாம் அந்த ஒரு வழியை நம்பித்தான். கூரை வந்ததும் அந்த வழி போய்விடுகிறது. முகமூடி கழன்றாலும், காற்று தீர்ந்தாலும், பக்கத்தில் வருகிறவர் பதறினாலும், வந்த தூரம் முழுவதையும் திரும்பக் கடந்தால்தான் வெளியே வரலாம்.

அதனால் அங்குள்ள சுழியோடிகள் இரண்டு வகையாகப் பிரித்துப் பேசுகிறார்கள். பகல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் வரையுள்ள பகுதி கேவர்ன். நேரே மேலெழுந்து மூச்செடுக்கக்கூடிய இடத்திலிருந்து 60 மீற்றருக்கு மேல் போகக்கூடாது என்பது அங்குள்ள பொது விதி. எங்களைப்போன்ற சாதாரணச் சான்றிதழ்காரர்கள் போகலாம், வழிகாட்டியோடு மட்டும். வெளிச்சம் மறைந்த பிறகு வருவது கேவ். அதற்குத் தனிப் பயிற்சி, தனிக் கருவிகள், தனிப் பொறுமை. கேவர்னுக்குக் கூட்டிப் போகிறவரே முழுக் குகைப் பயிற்சி முடித்தவராக, இரட்டைச் சிலிண்டரோடு இறங்குகிறவராக இருக்க வேண்டும். ஒருவருக்குப் பின்னால் நான்கு பேருக்கு மேல் போகக்கூடாது. நாங்கள் முதலில் விசாரித்த கடையில், ஆறு பேரை ஒன்றாக அனுப்புவோம், அதொன்றும் பிரச்சினையில்லை என்றார்கள். விலையும் குறைவு. தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். விலை குறைத்து வாங்கலாம் என்று நினைக்கக்கூடிய பொருட்களில் இது சேராது.

துலும் என்ற ஊரிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில் தோஸ் ஓஹோஸ் என்ற செனோட்டே. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள், அடியால் இரண்டும் ஒன்று. வெயிற்பூச்சு எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. குளித்துவிட்டுத்தான் இறங்க விடுவார்கள். எங்கள் வழிகாட்டி ஒரு மெக்சிக்கோப் பெண். சிரித்த முகம், ஆனால் விளக்கம் சொல்லத் தொடங்கியதும் சிரிப்பை எங்கோ கழற்றி வைத்துவிட்டார். டோர்ச்சால் மெதுவாக ஒரு வட்டம் போட்டால் எல்லாம் சரி. வேகமாக இடமும் வலமும் ஆட்டினால் ஆபத்து. வாசலிலிருந்து உள்ளே வழிகாட்டக் கட்டியிருக்கும் கயிற்றை விட்டு விலகக்கூடாது. கல்லில் கை வைக்கக்கூடாது. காலை மேலும் கீழும் அடிக்காமல் தவளையைப்போலப் பக்கவாட்டில் விரித்து உதைக்க வேண்டும். சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு காற்று முடிந்ததும், யாருடையது முதலில் முடிந்தாலும், எல்லோரும் திரும்ப வேண்டும், கேள்வி கிடையாது.

பிறகு இறங்கினோம்.

தண்ணீர் ஏறத்தாழ 25 பாகை. ஆழம் பத்து மீற்றருக்குள். முகத்தைத் தண்ணீருக்குள் விட்டதும், எவ்வளவு தெளிவென்று முன்பே கேள்விப்பட்டிருந்தும், உடம்பு ஒரு கணம் விழப்போவதாக நினைத்துப் பின்வாங்கியது. நிலத்தில் கிடந்த பாறைகள், கூரையிலிருந்து தொங்கிய கற்கள், தூரத்தில் இன்னொரு குழுவின் டோர்ச் வெளிச்சம், எல்லாவற்றுக்கும் விளிம்பு தெரிந்தது. நடுவில் தண்ணீர் இருப்பதற்கான அடையாளமே இல்லை. தம்பி பிறகு சொன்னான்: "முகமூடிக்குள்ள கொஞ்சம் ஒழுகினாப் பிறகுதான் அண்ணை, தண்ணிக்க நிக்கிறன் எண்டு ஞாபகம் வந்தது." அதை அவன் வியப்பாகத்தான் சொன்னான். எனக்கு அது அந்தக் குகையின் ஆபத்தையே சொன்ன மாதிரி இருந்தது.

ஏன் இவ்வளவு தெளிவு? சுண்ணாம்புக்கல்லினூடாக வடிந்து வருகிற தண்ணீர், அதில் உயிர்களுக்கு உணவாகக்கூடியது சொற்பம். உள்ளே வெளிச்சம் இல்லாததால் பாசி வளர்வதில்லை. கிளறிவிட அலையும் இல்லை. ஆனால் தரையில் மாவைவிட மெல்லிய வண்டல் படிந்து கிடக்கிறது. ஒரு பிழையான உதை போதும். நூறு மீற்றர் பார்த்த கண்ணுக்குச் சொந்தக் கையே தெரியாமல் போய்விடும். அது மணிக்கணக்கில் அடங்காது. சிலிண்டரில் இருக்கும் காற்றுக்கு அவ்வளவு நேரம் இல்லை. நீங்கள் விடும் குமிழிகள் கூரையில் முட்டி அங்கிருந்து துகள் உதிர்வதும் உண்டு, அதாவது ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் தண்ணீர் கலங்கலாம்.

கலங்கல் தண்ணீருக்குள் யாரும் ஆசைப்பட்டு இறங்குவதில்லை. இங்கே எதிர்மாறு. அடுத்த மண்டபம் தெரிகிறது, அதற்கு அடுத்ததும் தெரிகிறது, திரும்பிப் பார்த்தால் வாசலின் நீல வெளிச்சம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதாகத் தோன்றுகிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருக்கலாம். பகல் வெளிச்சம் முடியும் இடங்களில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். கையில் அரிவாள் பிடித்த ஓர் எலும்புக்கூடு, மேலே நில் என்று பெரிய எழுத்து. இப்படிப்பட்ட குகைகளில் 300க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள், அவர்களில் சுழியோடக் கற்பித்த ஆசிரியர்களும் உண்டு, உயிரைக் கொடுக்கும் அளவுக்கு இந்தக் குகைக்குள் ஒன்றுமில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. ஆசிரியர்களும் என்ற அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். தெரியாதவர்கள் மட்டும் சாகவில்லை. திறந்த கடலில் நன்றாகத் தெரிந்தவர்கள், அந்தத் தெரிவு இங்கேயும் செல்லும் என்று நம்பி வந்து செத்தார்கள்.

எங்கள் வழிகாட்டி ஒப்பித்த விதிகள் யாரோ மேசையில் இருந்து யோசித்து எழுதியவை அல்ல. 1960களிலும் 70களிலும் புளோரிடாவின் ஊற்றுக் குகைகளில் இளைஞர்கள் வரிசையாக இறந்துகொண்டிருந்தார்கள். அங்கேயே குகை குகையாக இறங்கிய ஷெக் எக்ஸ்லி என்பவர், ஒவ்வொரு மரணத்தையும் எடுத்து, எங்கே பிழை நடந்தது என்று பிரித்துப் பார்த்து 1979இல் ஒரு சிறு நூலாக எழுதினார். மூன்று காரணங்கள் மறுபடி மறுபடி வந்தன. வாசல்வரை அறுபடாத கயிறு இல்லை. திரும்பி வரக் காற்று மிச்சம் வைக்கவில்லை. அளவுக்கு மீறிய ஆழம். பயிற்சி, ஆளுக்கு மூன்று விளக்கு என்ற இரண்டும் பின்னால் சேர்ந்தன.

காற்றைப் பற்றிய விதியை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் பிறகு மறக்காது. சிலிண்டரில் 200 பார் (காற்றழுத்தத்தின் அளவு) என்று வையுங்கள். 66 செலவழித்து உள்ளே போகிறீர்கள். திரும்ப இன்னொரு 66 வேண்டும். மிச்சம் ஏன்? சரியாகத் திரும்பும் இடத்தில், அதாவது வாசலுக்கு மிகத் தூரமான இடத்தில், கூட வந்தவரின் காற்று முழுதாகப் போய்விட்டால் அவர் வெளியேறத் தேவையான 66 உங்களிடம் இருக்கிறது. அந்த மூன்றாவது பங்கு உங்களுடையது அல்ல, அவருடையது. அதுகூட இருவரும் நிதானமாக மூச்செடுத்தால்தான். உயிர்ப்பயத்தில் ஒருவர் நிதானமாக மூச்செடுப்பாரா? எனவே மூன்றில் ஒன்று என்பது தாராளமான கணக்கு அல்ல, அடிமட்டக் கணக்கு.

எக்ஸ்லியும் தண்ணீரிலேயே போனார். 1994 ஏப்ரலில், மெக்சிக்கோவின் வடகிழக்கிலுள்ள ஸகற்றோன் என்ற குழியில் 300 மீற்றரைத் தொட இறங்கியவர் உயிரோடு மேலே வரவில்லை. அவர் எழுதிய மூன்றாவது விதி ஆழத்தைப் பற்றியது. இதை வைத்து அவரைக் குறை சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அந்த மனிதர் எழுதி வைத்ததால் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர், நாங்களும் அதில் சேர்த்தி.

தோஸ் ஓஹோஸில் நாங்கள் போன பாதைக்குப் பார்பி லைன் என்று பெயர். கயிற்றோரம் ஒரு பிளாஸ்டிக் முதலை, அதன் வாயில் ஒரு பார்பி பொம்மை. யாரோ விளையாட்டாக வைத்தது, அப்படியே பெயராகிவிட்டது. வழியில் மஞ்சள் கயிறு பாறைக்குப் பாறை இழுத்துக் கட்டப்பட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. இன்னும் உள்ளே, நாங்கள் போகக்கூடாத பகுதிகளில், கயிற்றில் முக்கோணப் பிளாஸ்டிக் அம்புகள் கோத்திருப்பார்கள். அம்பு எப்போதும் கிட்ட உள்ள வாசலைக் காட்டும். ஏன் முக்கோணம் என்றால், விளக்கு அணைந்து தண்ணீரும் கலங்கினாலும் விரலால் தடவிக் கூர்முனை எந்தப் பக்கம் என்று அறியலாம். குகைச் சுழியோடிகள் கண்ணை மூடிக்கொண்டு, கயிற்றைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் வளையமிட்டுப் பிடித்தபடி வெளியேறப் பழகுகிறார்கள். உலகத்திலேயே தெளிவான தண்ணீரில் குருடர்களாக நீந்தப் பழகுகிறார்கள் என்றால் கேட்க வேடிக்கையாக இருக்கும். 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிறுவர்கள் சிக்கியபோது அவர்களை ஜூலை 2ஆம் தேதி கண்டுபிடித்த பிரித்தானியக் குகைச் சுழியோடிகள் ரிக் ஸ்ரான்ரனும் ஜோன் வொலந்தனும் மண் கரைந்த தண்ணீரில் கயிறு விரித்துக்கொண்டேதான் போனார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, கயிறு மட்டும். நான்கு நாள் கழித்து, சிலிண்டர்களை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த சமான் குனான் இறந்துபோனார். தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் சுழியோடி அவர்.

அடுத்த நாள் சாக் மூல் என்ற இன்னொரு செனோட்டே. யாழ்ப்பாணத்துக்காரனாக நான் பார்க்க வந்தது இங்கேதான் இருந்தது. பத்து மீற்றர் அளவில் இறங்கியதும் கீழே இன்னொரு நீர்மட்டம் தெரிகிறது. தண்ணீருக்குள் தண்ணீரின் மேற்பரப்பு. மழை தந்த நன்னீர் மேலே, கரையால் உள்ளே வந்த கடல்நீர் கீழே, இரண்டும் சந்திக்கும் படையை ஹாலோக்ளைன் என்கிறார்கள். யாரும் கலக்காதவரை அது கண்ணாடித் தட்டாகக் கிடக்கிறது. கீழே காற்று நிரம்பிய மண்டபம் இருக்கிறது என்றுகூடத் தோன்றும். ஒருவர் அதற்குள் நீந்தியதும் இரு தண்ணீரும் சுழன்று கலக்க, ஒளி கண்டபடி வளைந்து, தார் ரோட்டுக் கானலுக்குள் தலையை விட்டதுபோல் எல்லாம் மங்கி நெளிகிறது. பின்னால் வருகிறவருக்கு முன்னால் போகிறவரின் ஃபின்ஸ்கூடத் தெரியாது. அதையும் தாண்டிக் கீழே போனால் மறுபடி படு தெளிவு. தண்ணீர் சற்றுச் சூடு, உடம்பு சற்று இலேசு. வாயில் கடித்து மூச்செடுக்கும் ரெகுலேட்டரின் ஓரத்தால் ஒரு சொட்டு வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். உப்பு. ஊரில் பழுதான கிணறுகளில் நாக்கில் பட்ட அதே சுவை. எங்கள் காலுக்குக் கீழேயும் இப்படித்தான் இருக்கிறது என்று படித்தது ஒரு பக்கம், அந்தக் கோட்டை என் முழங்கால் கடப்பதைப் பார்த்தது ஒரு பக்கம். வழிகாட்டி டோர்ச்சால் வட்டம் போட்டுக் கேட்டார். நான் பதில் வட்டம் போடச் சிறிது தாமதித்துவிட்டேன் போல. கிட்ட வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

கூரையில் தொங்கும் அந்தக் கல்விழுதுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவை தண்ணீருக்குள் உண்டாகவே முடியாது. தண்ணீர் காற்றில் சொட்டுச் சொட்டாக வடிந்து, தன்னிலுள்ள கரியமில வாயுவை இழந்தால்தான் சுண்ணாம்பு படியும். அப்படியென்றால் இந்தச் சுரங்கங்கள் ஒரு காலத்தில் வெறும் குகைகளாக இருந்தன. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடலில் இருக்க வேண்டிய நீரில் ஒரு பங்கு நிலத்தில் பனியாக உறைந்திருந்ததால் கடல்மட்டம் சுமார் 120 மீற்றர் கீழே கிடந்தது. பனி உருகிக் கடல் ஏற, நிலத்தடி நீரும் கூடவே ஏறிக் குகைகளை நிரப்பியது. அதற்கு முன்பே மனிதர் உள்ளே போயிருந்தார்கள்.

எதற்கு என்ற கேள்விக்கு 2020இல் ஒரு நல்ல பதில் கிடைத்தது. ரொறொன்ரோவிலிருந்து ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கும் ஹமில்டன் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அந்த ஊர்ச் சுழியோடிகளும் சேர்ந்து, இப்போது நீரில் மூழ்கியிருக்கும் குகைகளில் காவிக்கல் சுரங்கங்கள் இருந்ததை வெளியிட்டார்கள். 12,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன், தலைமுறை தலைமுறையாக அங்கே காவி தோண்டியிருக்கிறார்கள். தோண்டிய குழிகள், உடைத்த கல்லின் குவியல்கள், வெளிச்சத்துக்கு மூட்டிய தீயின் கரி, எல்லாம் வைத்தது வைத்தபடி. கல்விழுதுகளை உடைத்தும் கல்லடுக்கியும் வழிக்கு அடையாளம் வைத்திருக்கிறார்கள். அதை வாசித்தபோது எனக்கு அந்த முக்கோண அம்புகள்தான் ஞாபகம் வந்தன. இருட்டுக்குள் போன எவரும் முதலில் யோசித்தது ஒன்றைத்தான்.

ஒரு பெண்பிள்ளை திரும்பவில்லை. 2007இல் அல்பேர்ட்டோ நாவா என்ற சுழியோடியும் இரு தோழர்களும் ஒரு சுரங்கத்தின் முடிவில் திடீரென்று தரையில்லாமல் போன பெருங்குழி ஒன்றைக் கண்டார்கள். ஓயோ நெக்ரோ, கறுப்புக் குழி. அடியில் யானைக்கு உறவான கொம்போதேர், இராட்சதத் தரை ஸ்லோத், வாட்பல் பூனை என்று அழிந்துபோன விலங்குகளின் எலும்புகள். அவற்றுக்கு நடுவே 15 அல்லது 16 வயதுப் பெண் ஒருத்தியின் எலும்புக்கூடு. 12,000 ஆண்டுகளுக்கும் பழையது. இடுப்பெலும்பு உடைந்திருந்தது, விழுந்ததில் உடைந்திருக்கும் என்கிறார்கள். அவளுக்கு நாயா என்று பெயர் வைத்தார்கள். தண்ணீருக்கோ என்னவோ, அந்த இருட்டுக்குள் அவள் நடந்தபோது அந்தக் குழி அவள் கண்ணில் படவில்லை போலும்.

சரி, தேசிக்காய்க்கு வருகிறேன். ஒரு குழியும் இன்னொரு குழியும் அடியால் தொடுமா என்ற கேள்விக்கு யுகட்டானில் சுழியோடிகள் உடம்பாலேயே பதில் தேடுகிறார்கள். சாக் அக்துன் என்ற பெருங்குகையும் தோஸ் ஓஹோஸும் ஒன்றா என்று ரொபேர்ட் ஷ்மிட்னர் என்ற சுழியோடி பல ஆண்டுகள் கயிறு விரித்துத் தேடினார். தொல்லியலாளர் கியேர்மோ தெ ஆந்தா தலைமையிலான குழு 2018 ஜனவரியில் இணைப்பு கிடைத்துவிட்டது என்று அறிவித்தது. மொத்தம் 347 கிலோமீற்றர். அன்றைய நிலையில் அறியப்பட்ட மிக நீளமான நீரடிக் குகை. இரண்டு குகை இணைந்தால் பெரியதன் பெயர்தான் நிற்க வேண்டும் என்பது குகைக்காரர்களின் வழக்கம், ஆகவே கணக்குப்படி தோஸ் ஓஹோஸ் இப்போது சாக் அக்துனில் ஒரு பகுதி. டிக்கெட் விற்கும் இடத்தில் மட்டும் பழைய பெயர்.

எல்லாம் ஒன்றோடொன்று தொடுகிறது என்பதன் மறுபக்கமும் உண்டு. ஓரிடத்தில் இறங்கும் கழிவு அங்கேயே நிற்காது, சுண்ணாம்புக்கல் வடிகட்டாமல் வழிவிடும். கடற்கரை முழுக்க ஹோட்டல். அந்தத் தீபகற்பத்தார் குடிப்பதும் இதே தண்ணீர். தீபகற்பத்தைச் சுற்றி அரசு கட்டிய மாயா ரயில் பாதையின் ஐந்தாம் பிரிவை உயர்த்திக் கட்ட இறக்கிய இரும்புத் தூண்கள் சில குகைக் கூரைகளைத் துளைத்து நிற்பதைச் சுழியோடிகள் 2024இல் படமெடுத்து வெளியிட்டார்கள். நானும் விமானம் ஏறி, ஹோட்டலில் தங்கி, குளித்துவிட்டு வந்தவன்தான். நிலாவரையைச் சுற்றியுள்ள தோட்டங்களின் உரமும் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

திரும்பி வந்ததிலிருந்து தம்பி முழுக் குகைப் பயிற்சியைப் பற்றியே பேசுகிறான். புளோரிடாவில் படிப்பதா மெக்சிக்கோவிலா என்று விலை பார்க்கிறான், வீட்டுக்குள் நாற்காலிக் கால்களுக்கிடையில் கயிறு கட்டி, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பழகுகிறான். எனக்கு வெளிச்சம் தெரியும் இடமே போதும். அதற்கு வயதைக் காரணம் சொல்லலாம், உண்மையில் அந்த மூன்றாவது பங்கு காற்றைப் பற்றிய கணக்குத்தான் காரணம். இன்னொருவர் உயிருக்கு அவ்வளவு கிட்டத்தில் பொறுப்பாக நிற்க எனக்குத் தைரியமில்லை. அவனுக்கு இருக்கிறது. நல்ல ஆசிரியராகப் பார், அவசரப்படாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சித்தி போன வாரம் எடுத்து, "தம்பி ஏன் வீடெல்லாம் கயிறு கட்டுறான், உடுப்புக் காயப்போடவோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லி வைத்தேன்.